அடி எடுத்துக் கொடுத்தவள்

இன்வர்கார்கிலுக்கு வடக்கே ஒரு மணி நேரம் ஓட்டினால்
வரும் எங்கள் ஊர். வராமலும் போகும்,
பனிமூட்டம் என்றால்.
குட்டி ஈனும் காலம் தொடங்குமுன்
ஆட்டுப் பண்ணைகள் கொஞ்சம் மூச்சுவிடும் ஆகஸ்டில்
நினைவு மண்டபத்தில் பேச்சும் நாடகமும்
போட்டிக்கு நிற்கும்.
நுழைவு ஐந்து டாலர். தேநீர் சும்மா.

நான் மேடை ஏறுபவள் இல்லை.
வாரம் முழுக்கப் பள்ளி பஸ் ஓட்டுகிறேன்.
போட்டி வந்தால் திரை மடிப்புக்குள் ஸ்டூல் போட்டு,
மடியில் பிரதி, பல்லிடுக்கில் டார்ச்,
மறந்தவருக்கு அடி எடுத்துக் கொடுக்கிறேன்,
பதினோரு வருஷமாய்.
பல்லில் டார்ச்சை வைத்துக்கொண்டு எப்படிப் பேசுவாய் என்று
யாரும் கேட்டதில்லை.
பேசும்போது கையில் எடுத்துக்கொள்வேன்.

முதலில் பேச்சு. பத்து வயதுக்குட்பட்டோர்.
ஒன்பது பிள்ளைகள், ஒன்பது பேருக்கும் ஒரே தலைப்பு:
என் நாய்.
ஒரு நாய் செத்துப்போனது.
அதற்குத்தான் கோப்பை.

பிறகு எங்கள் ஓரங்கம்.
கலங்கரை விளக்கின் காவலர்
கசாப்புக்கடை கிளைவ் மக்கெர்ரோ.
தாடி ஒட்டியது, கைகள் சொந்தம்.
அந்தக் கைகளை எங்கே வைப்பதென்று
ஒத்திகை முழுக்க அவருக்குத் தெரியவில்லை.
ஒரு லாந்தரைக் கொடுத்தோம்.
ஒரு கைக்கு வழி பிறந்தது.

கடைசிக்கு முந்தின பக்கம்.
அவ்ரில் டுஹேய் அட்டை ஜன்னலைப் பார்த்துக் கேட்கிறாள்:
ஏன் விளக்கு எரியவில்லை?
கிளைவ் வாய் திறந்தார்.
மூடினார்.

நடிப்பா, மறதியா?
என் தொழில் முழுக்க அந்த இடைவெளியில்தான்.
முந்திக்கொண்டால் நல்ல மௌனம் ஒன்று கெடும்.
பிந்தினால் ஒரு மனிதன்
தெரிந்தவர்கள் முன்னால் உரிபட்டு நிற்பான்.
காதைப் பார்த்தேன். மறந்தால் கிளைவுக்குக்
காது சிவக்கும்.
சிவந்தது.

'எண்ணெய்...' என்றேன்.
தகரக் கூரையில் மழை. கேட்கவில்லை.
'எண்ணெய் தீர்ந்து...'
பிறகு, பஸ்ஸின் கடைசி இருக்கையில்
சண்டை போடுகிறவர்களுக்கு வைத்திருக்கும் குரலில்:
'எண்ணெய் தீர்ந்து மூன்று இரவாயிற்று, மார்த்தா.
இனி எந்தக் கப்பலும் வராது என்று நினைத்துவிட்டேன்.'

மண்டபம் முழுக்கக் கேட்டது.
நான்காம் வரிசையில் ஒருவர்
காது மந்தமான மனைவிக்கு உரக்கச் சொன்னார்:
எண்ணெய் தீர்ந்துபோச்சாம்.
அதற்குப் பிறகு கிளைவ் சொன்னார்.
ஊருக்கு அது மூன்றாவது தடவை.

டனீடனிலிருந்து வந்த நடுவர்
பென்சிலைக் கொண்டையில் செருகியபடி எழுந்தார்.
ஒளி பற்றிச் சொன்னார். ஜன்னல் ஆடியதைச் சொன்னார்.
'இன்று மாலை கேட்டதில் மிகச் சுத்தமான உச்சரிப்பு
திரைக்குப் பின்னாலிருந்து வந்தது.
உருளும் உங்கள் தெற்கத்தி ரகரம்
ஒன்றுகூட உடையவில்லை.
அவர் பெயர் நிகழ்ச்சி நிரலில் இல்லையே.'

சிரித்தார்கள். கைதட்டினார்கள்.
திருட்டுச் சாமான் கையில் இருக்கப் பிடிபட்டவள்போல்
டார்ச்சை அணைத்தேன்.
எங்களுக்கு மூன்றாம் இடம்.
நாடகங்களே மூன்றுதான்.

திங்கட்கிழமை, கடைசிப் பிள்ளையையும் இறக்கிவிட்டு
பஸ்ஸைத் திருப்பும் இடத்தில் கிளைவ் நின்றார்.
தாடி இல்லை. லாந்தர் இல்லை.
இரண்டு கைகளுக்கும் சேர்த்து
வெள்ளைத் தாளில் சுற்றிய ஒரு பொட்டலம்.
சாசேஜ், ஒரு டஜன் இருக்கும்.
கண்ணாடியை இறக்கினேன்.

'நோலீன்' என்றார்.
வாய் திறந்தபடி நின்றது. மூடியது.
காது சிவந்தது.
வைப்பர் போய்வந்தது, போய்வந்தது.

அவருக்கு வேண்டிய சொல் எனக்குத் தெரியும்.
சின்னச் சொல்.
என் நாக்கு நுனிவரை வந்துவிட்டது.
எடுத்துக் கொடுக்கவில்லை.
எஞ்சினை மட்டும் நிறுத்தினேன்,
வந்தால் கேட்கட்டும் என்று.